ஓட்ஸ் மணியின் எடை எப்போது முடிவாகிறது? பூத்த பிறகு வரும் சில வாரங்கள் ஏன் முக்கியம்?

உலகிலேயே அதிகமாக ஓட்ஸ் ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. அங்கே 2020-ல் 45 லட்சம் டன்னுக்கு மேல் விளைந்த ஓட்ஸ், 2021-ல் 30 லட்சம் டன்னைக்கூட தொடவில்லை. விளைவு? அந்த ஆண்டின் கடைசியில் சிகாகோ சந்தையில் ஓட்ஸ் விலை வரலாறு காணாத உச்சத்துக்குப் போனது.

வறட்சி, கூடவே கடும் வெயில். காரணம் இதுதான். கதிர்களில் மணிகள் குறைந்தது ஒரு பக்கம் என்றால், இருந்த மணிகளும் மெலிந்துபோனது இன்னொரு பக்கம். சரி, வெயில் அடித்தால் மணியின் எடை ஏன் குறையணும்?

எல்லா மணியும் ஒரே எடை இல்லை

ஓட்ஸ் கதிர், நெற்கதிர் மாதிரி கிளை கிளையாகப் பிரிந்து இருக்கும். ஒவ்வொரு கிளையிலும் சின்னச் சின்ன கூடுகள். ஒரு கூட்டில் பெரும்பாலும் 2 மணிகள், சில சமயம் 3. முதல் மணி பெரியது, அடுத்தது சிறியது, மூன்றாவது அதைவிடச் சிறியது. பொதுவாக 1,000 மணிகளை எண்ணி எடை போட்டால் 30 முதல் 40 கிராம் இருக்கும்.

எடை எப்போது ஏறுகிறது?

ஒரு கதிரில் எத்தனை மணி என்பது பெரும்பாலும் பூக்கும் நேரத்துக்குள் முடிவாகிவிடும். எடை ஏறுவது அதற்குப் பிறகுதான். முதலில் மணிக்குள் செல்கள் பெருகும். இவைதான் மாவைச் சேமிக்கும் அறைகள். அப்புறம் இலைகள் தயாரிக்கும் சர்க்கரை அங்கே போய் மாவுச்சத்தாக மாறும். பால் பிடித்து, மாவுப் பதத்துக்கு வந்து, கடைசியில் மணி இறுகும்.

வெயில் என்ன செய்கிறது?

ஓட்ஸ் குளிர்ச்சியை விரும்பும் பயிர். வெப்பம் கூடினால் பயிர் அவசரமாக முற்றும், மாவு நிரம்பும் நாட்கள் குறையும். தண்ணீரும் இல்லையென்றால் இலைகள் சீக்கிரமே காய்ந்து, சர்க்கரை வரத்து நின்றுவிடும்.

ஒரு கணக்கு பாருங்க. 1,000 மணியின் எடை 40 கிராமில் இருந்து 32 கிராமாகக் குறைந்தால், மணிகளின் எண்ணிக்கை மாறாவிட்டாலும் 1,000 கிலோ கிடைக்க வேண்டிய இடத்தில் 800 கிலோதான் கிடைக்கும்.

விவசாயிக்கு இரட்டை அடி

நன்றாக விளைந்த ஓட்ஸ் மணியிலேயே எடையில் கால் பங்குக்கு மேல் உமிதான். உள்ளே பருப்பு நிரம்புவதற்கு முன்பே உமி உருவாகிவிடும். அதனால் மணி மெலிந்தால் பருப்புதான் குறையும், உமி குறையாது. நம்ம ஊரில் நெல்லில் பதர் அதிகம் என்பார்களே, அதே கதைதான். ஆலைக்காரர்கள் இந்த மணிகளைச் சலித்து ஒதுக்குவார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். பெரும்பாலும் இவை கால்நடைத் தீவனமாகத்தான் போகும்.

தீர்வு உண்டா?

சீக்கிரம் விதைப்பதுதான் எளிய வழி. உச்சகட்ட வெயில் வருவதற்குள் மணி நிரம்பிவிடும். கொஞ்சம் நெருக்கமாக விதைத்தால் தாமதமாக வரும் பக்கத் தூர்கள் குறைந்து, மணிகள் ஓரளவு ஒரே அளவில் இருக்கும். ஆனால் மண்ணில் ஈரமே இல்லாத ஆண்டில் இந்த இரண்டுமே பெரிதாகக் கைகொடுக்காது. 2021-ல் கனடா விவசாயிகள் மாட்டிக்கொண்டது அப்படி ஒரு ஆண்டில்தான்.