இருட்டில் சூட்டைப் பார்க்கும் கமரா: வண்டி ஓட்டுபவரும் வழி நடப்பவரும் அறிய வேண்டியவை

எங்கள் சப்ரகமுவ தோட்டங்களில் பொழுது சாய்ந்த பிறகும் றோட்டில் ஆள் நடமாட்டம் ஓய்வதில்லை. பெக்டரியில் ராத்திரி வேலை முடிந்து லயத்துக்குத் திரும்புகிறவர்கள், கடைக்குப் போனவர்கள், திருவிழாப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், வலி கண்ட கர்ப்பிணியை வேனில் ஏற்றிக்கொண்டு இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ ஓடுகிறவர்கள் என்று எல்லாருக்கும் அதே ஒடுங்கிய பாதைதான். நடைபாதை கிடையாது. பல இடங்களில் தெருவிளக்கும் கிடையாது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பலாங்கொடைக்கு மேலேயோ, இறக்குவானையிலிருந்து சூரியகந்தைக்கு ஏறும் வளைவுகளிலோ பனி இறங்கிவிட்டால், "பொனட்டுக்கு முன்னால ஒண்ணும் தெரியலீங்க" என்று அனுபவப்பட்ட டிரைவர்மாரே சொல்லும் நிலைமை.

இப்படியான பாதைகளுக்கு உதவக்கூடிய ஒரு கருவிதான் வண்டியில் பூட்டும் வெப்பக் கமரா. அது எப்படி வேலை செய்கிறது, எதைக் காட்டும், எதைக் காட்டாது, எப்படிப் பராமரிப்பது என்பதை இந்த இதழில் விளக்குகிறோம். கமரா வாங்க நினைப்பவர்களுக்கு மட்டுமல்ல, அந்த வண்டிக்கு முன்னால் நடந்து போகிற எல்லாருக்குமே இது தெரிந்திருக்க வேண்டும்.

அது எதைப் பார்க்கிறது?

கண்ணை மூடிக்கொண்டு அடுப்படியில் கையை நீட்டிப் பாருங்கள். நெருப்பைப் பார்க்காமலே சூடு எந்தப் பக்கம் என்று கை சொல்லிவிடும். அடுப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் வருவதுதான் காரணம். இதைச் செந்நிறக்கீழ்க் கதிர் என்கிறோம். அகச்சிவப்புக் கதிர் என்றும் சொல்வார்கள். இப்படி ஒரு கதிர் இருப்பதை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்ற வானியல் அறிஞர் கண்டுபிடித்தார். அடுப்பு மட்டுமல்ல, மனிதர், மாடு, நாய், காட்டுப்பன்றி, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் எல்லாமே தத்தம் சூட்டுக்கு ஏற்றபடி இந்தக் கதிரை வெளிவிடுகின்றன.

வெப்பக் கமரா இந்தக் கதிரைப் பிடித்து, சூடான இடத்தை வெள்ளையாகவும் குளிர்ந்த இடத்தைக் கறுப்பாகவும் திரையில் காட்டுகிறது. ஆகவே அதற்கு வெளிச்சமே தேவையில்லை. கும்மிருட்டில் பாதையோரம் நிற்கும் ஆள், குளிர்ந்த மண்மேட்டுக்கு முன்னால் வெள்ளை உருவமாகத் தெரிவார்.

முதலில் இராணுவத் தேவைகளுக்குப் பயன்பட்ட இந்தக் கமரா, அமெரிக்காவின் கடிலாக் டிவில் காரில் 2000ஆம் ஆண்டு மாதிரியுடன் பொதுமக்கள் கைக்கு வந்தது. 2004இல் ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் தனது லெஜெண்ட் காரில், பாதையில் ஆள் இருப்பதைத் தானாகவே இனங்கண்டு டிரைவரை எச்சரிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

முன்கூட்டியே தெரிவதில்தான் உயிர் இருக்கிறது

2025 பெப்ரவரி 20 அதிகாலையில், ஹபரணைக்குக் கிட்ட ரயில் பாதையைக் கடந்த யானைக் கூட்டத்தில் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. தமிழ்நாட்டில் கோயம்புத்தூருக்குப் பக்கத்து மதுக்கரைக் காட்டிலும் 2021 நவம்பரில் மூன்று யானைகள் இப்படியே ரயிலில் அடிபட்டுச் செத்தன. அங்கே 2024 பெப்ரவரியில் தண்டவாளம் ஓரமாக 12 கோபுரங்கள் நிறுத்தி, வெப்பக் கமராவும் சாதாரணக் கமராவும் பூட்டினார்கள். யானை கிட்ட வந்ததும் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் செய்தி போகிறது. விளக்கு வெளிச்சத்தில் யானை தென்படும் வரைக்கும் காத்திருந்தால் ரயிலை நிறுத்த முடியாது. அதற்கு முன்பே தெரிய வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

இதே கணக்கு எங்கள் லொறிக்கும் உண்டு. மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடும். ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரைச் செக்கன் ஆகும். அதற்குள் 16 மீற்றர் போய்விடும். நனைந்த றோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஏறக்குறைய 16 மீற்றர். மொத்தம் 32 மீற்றர். 60 கிலோமீற்றரில் போனால் இது 60 மீற்றரளவுக்கு ஏறிவிடும். பாரம் ஏற்றிய லொறி, தேய்ந்த டயர், இறக்கம் என்றால் இன்னும் கூடும். தாழ்த்திய ஹெட்லைட்டில் கறுப்புச் சட்டை போட்ட ஆள் 30 மீற்றருக்கு அப்பால் தெரிவதே கஷ்டம். நல்ல வெப்பக் கமரா, நேர்ப் பாதையில் 100 மீற்றருக்கு அப்பால் நிற்பவரையும் காட்டிவிடும். அதனால் கிடைக்கும் சில செக்கன்களே அதன் முழுப் பயன்.

எதைக் காட்டாது?

இதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி. கமரா காட்டுவது சூட்டை, பாதையை அல்ல.

மேட்டிலிருந்து உருண்டு வந்து கிடக்கும் கல், முறிந்து விழுந்த மரம், மழையில் அரித்துப்போன றோட்டோரம், குழி, அறுந்து தொங்கும் வயர் – இவை எல்லாம் சுற்றியுள்ள மண்ணின் அதே குளிரில் இருக்கும். சூட்டில் வித்தியாசம் இல்லாவிட்டால் திரையிலும் வித்தியாசம் இல்லை. லைட் இல்லாமல் பல மணிநேரம் நிறுத்தி வைத்த லொறிகூட குளிர்ந்து, சரியாகத் தெரியாமல் போகலாம். 2016 மே 17இல் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்பதை நாங்கள் மறக்கவில்லை. அப்படியான மழை ராத்திரியில் "கமரா இருக்குது, போய்ப் பார்ப்போம்" என்று மலைப் பாதையில் வண்டியை விடக் கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும், கமராவை அல்ல.

வளைவுக்கு அந்தப் பக்கமும் கமராவுக்குத் தெரியாது. அது நேர் முன்னால் மட்டுமே பார்க்கும். ஊசி வளைவில் வண்டி திரும்பி முடியும் வரை அது மண்மேட்டையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஹோர்ன் அடித்து மெதுவாகத் திரும்பும் பழைய வழக்கம் மாறவே கூடாது.

மெல்லிய பனியில் கண்ணைவிடக் கமரா நன்றாகப் பார்க்கும். பனி அடர்ந்தாலும், அடைமழை கொட்டினாலும் அதன் பார்வையும் மங்கும். மழையில் நனைந்து குளிர்ந்த கம்பளியோ றப்பர் கோட்டோ போர்த்தியிருப்பவரின் உடம்புச் சூடு வெளியே தெரிவது குறைவு. முகமும் காலும் மட்டும் சிறு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியலாம். எங்கள் மக்கள் மழையில் எப்படி நடக்கிறார்கள் என்பது தெரிந்த டிரைவர்மார் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

வாங்கும்போது ஏமாறாதீர்கள்

"இரவிலும் பார்க்கும் கமரா" என்று குறைந்த விலைக்கு விற்கப்படுபவற்றில் பல வெப்பக் கமரா அல்ல. கண்ணுக்குத் தெரியாத சிறு விளக்கை எரித்து, அதன் வெளிச்சத்தில் படம் பிடிக்கும் சாதாரணக் கமரா அவை. பனியில் அந்த வெளிச்சம் திருப்பி அடித்து, திரை முழுக்க வெள்ளையாகிவிடும்.

எது உண்மையானது என்று கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். உள்ளங்கையைச் சுவரில் பத்துச் செக்கன் அழுத்தி வைத்துவிட்டு எடுங்கள். வெப்பக் கமரா என்றால் கை எடுத்த பிறகும் கையின் அடையாளம் திரையில் கொஞ்ச நேரம் நிற்கும். அடுத்து, ஒரு ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஆளை நிறுத்திப் பாருங்கள். வெப்பக் கமராவுக்கு அவர் தெரியக் கூடாது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது. அதனால்தான் இதன் வில்லையை ஜெர்மானியம் போன்ற விசேட பொருளில் செய்கிறார்கள். விலையும் அதனால் கூடுகிறது. இதே காரணத்தால் கமராவை முன்கண்ணாடிக்கு உள்ளே பூட்டிப் பயனில்லை. வண்டிக்கு வெளியே, முன் கிரில்லிலோ கூரையிலோதான் பூட்ட வேண்டும்.

பல லொறிகளில் 24 வோல்ட், வேன்களிலும் கார்களிலும் 12 வோல்ட் மின்சாரம் இருக்கும். கருவி எதற்கு ஏற்றது என்று பார்த்து வாங்குங்கள். பியூஸ் இல்லாமல் பூட்ட விடாதீர்கள்.

ஓட்டும்போது

ஹெட்லைட்டை ஒருபோதும் அணைக்கக் கூடாது. பனியில் தாழ்த்திய வெளிச்சமே நல்லது. திரையின் பிரகாசத்தைக் குறைத்து வையுங்கள். கூடினால் கண் கூசி, வெளியே இருட்டு இன்னும் கறுக்கும். கண் றோட்டில் இருக்க வேண்டும். பின்கண்ணாடியைப் பார்ப்பது போல் ஒரு கணம் மட்டும் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஒரு செக்கன் திரையில் லயித்தால் 11 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

திரையில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், "அது என்ன?" என்று ஆராய வேண்டாம். காலை எடுத்து வேகத்தைக் குறையுங்கள். ஆளா, மாடா என்பது கிட்டப் போனால் தெரிந்துவிடும். கமரா இருக்கிறதென்று பழைய வேகத்தைவிடக் கூட்டி ஓட்டினால், கிடைத்த செக்கன்களை நாமே வீணாக்கிவிடுகிறோம்.

பராமரிப்பு

ஒன்று: பயணம் முடிந்ததும் வில்லையில் படிந்த சேற்றைக் கழுவுங்கள். முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணைக் கரைத்துவிட்டு, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த சேற்றைத் துடைத்தால் மேற்பூச்சு கீறிவிடும். பாத்திரம் தேய்க்கும் நார், சவர்க்காரத் தூள், பெற்றோல், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. சேர்விஸ் ஸ்டேஷனில் வேகமாகப் பீச்சும் தண்ணீரைக் கிட்ட வைத்து அடிக்க விடாதீர்கள்.

இரண்டு: வில்லைக்கு உள்பக்கம் ஈரம் படிந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். வீட்டில் கழற்றி அடுப்பங்கரையில் காய வைக்க வேண்டாம்; விற்றவரிடமே கொண்டு போங்கள். வில்லை உடைந்தால் துண்டுகளை வெறுங்கையால் தொடாதீர்கள்.

மூன்று: பூட்டிய ஆணி எங்கள் றோட்டின் குலுக்கலில் தளரும். வாரம் ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள். வண்டியைச் சம இடத்தில் நிறுத்தி, 30 மீற்றர் முன்னால் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். அவர் திரையின் நடுவில் தெரிந்தால் கமரா நேராக இருக்கிறது.

நான்கு: வயர்கள் இரும்பில் உரசும் இடத்திலும், எலி கடிக்கும் இடத்திலும் பழுதாகும். மாதம் ஒருமுறை பாருங்கள். வண்டியில் வெல்டிங் வேலை செய்வதற்கு முன் பற்றரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.

ஐந்து: பகலில் சூரியனை நேரே பார்க்கும்படி வண்டியை நிறுத்த நேர்ந்தால் கமராவை மூடி வையுங்கள். கடும் வெயில் சில கமராக்களின் உள்ளே படத்தில் தழும்பு விழச் செய்யும்.

ஆறு: ஓடும்போது "டிக்" என்று சத்தம் கேட்டு, படம் ஒரு கணம் நின்று பிறகு வந்தால் பயப்பட வேண்டாம். கமரா தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது. பழுது அல்ல.

முதல் செலவு எது?

வெப்பக் கமரா எல்லாராலும் வாங்கக்கூடிய பொருள் அல்ல. வாங்க முடிந்தவர்களுக்கும் நாங்கள் சொல்வது ஒன்றுதான். வைப்பர் றப்பர் தேய்ந்திருக்கும்போது, ஒரு பக்க ஹெட்லைட் எரியாமல் இருக்கும்போது, பிரேக் லைனிங் மாற்ற வேண்டியிருக்கும்போது கமராவுக்குக் காசு போடுவதில் அர்த்தமில்லை. ஆளை 100 மீற்றரில் கண்டுவிட்டு, வண்டி நிற்காவிட்டால் என்ன பிரயோசனம்?

நடந்து போகிறவர்களுக்கு

எங்கள் றோட்டில் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்தக் கமரா கிடையாது. "டிரைவர் பார்த்துக்குவாரு" என்று நினைக்க வேண்டாம். வண்டி இடப்பக்கம் ஓடும் நாடு இது. ஆகவே வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். கூட்டமாகப் போனால் ஒருவர் பின் ஒருவராக வரிசையாகப் போங்கள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் டோர்ச் வைத்திருக்கட்டும். வெளிச்சத்தைத் தரையில் அடியுங்கள். டிரைவரின் முகத்தில் அடித்தால் அவருக்குக் கண் தெரியாமல் போய்விடும். கறுப்புக் குடைக்கும் கம்பளிக்கும் மேலே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினாலும் போதும். ஒளி பட்டால் மின்னும் நாடாவைப் பிள்ளைகளின் பையில் தைத்தால் இன்னும் நல்லது. சிறு பிள்ளையை மண்மேட்டுப் பக்கமாகக் கையைப் பிடித்து நடத்துங்கள்.

ராத்திரியில் நோயாளியைக் கொண்டு போக வேண்டி வந்தால், கிடைத்த வண்டியில் அவசரப்பட்டு ஏற்றுவதற்கு முன் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கேளுங்கள். அது பெரிய றோட்டு வரைக்கும்தான் வர முடியும் என்றால், அங்கே வரை நோயாளியைப் பத்திரமாகக் கொண்டு போக இரண்டு டோர்ச்சும் நாலு பேரும் போதும்.

இந்தப் பக்கத்தைத் தோட்டத்து லொறி, வேன், ஆட்டோ டிரைவர்மார் கையில் கொடுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். சூட்டைப் பார்ப்பது கமராவின் வேலை. கல்லையும் பள்ளத்தையும் வளைவையும் பார்த்து வேகத்தைக் குறைப்பது டிரைவரின் வேலை. இருட்டில் மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி நடப்பது எங்கள் எல்லாருடைய வேலை.