நோயெதிர்ப்பு ஒடுக்க மருந்துகளும் நினைவு டி உயிரணுக்களும்

முன்னுரை

மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் அயற்பொருளாகக் கருதித் தாக்காதிருக்க, அவ்வுறுப்பு இயங்கும் காலம் முழுவதும் நோயாளி நோயெதிர்ப்பு ஒடுக்க மருந்துகளை உட்கொள்ள வேண்டியுள்ளது. இம்மருந்துகள் எதிர்ப்பாற்றல் முழுவதையும் ஒரே சீராகத் தணிப்பன என்னும் கருத்து நினைவு டி உயிரணுக்களுக்குப் பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நினைவு உயிரணுக்களின் இயல்பு

தொற்று நீங்கியதும் அதனை எதிர்த்துப் பெருகிய டி உயிரணுக்களுள் பெரும்பாலானவை மடிகின்றன. ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே எஞ்சி நினைவு உயிரணுக்களாகின்றன. அதே கிருமி மீண்டும் நுழையின், இவை சிறு தூண்டலிலேயே விரைந்து செயற்படும். இவ்விரைவே மாற்றுறுப்புக்கு இடராகவும் அமையலாம். எப்ஸ்டீன்-பார் வைரசுக்கு எதிராக உருவான சில டி உயிரணுக்கள், எச்எல்ஏ-பி44 என்னும் அயல் திசுப்புரதத்தையும் இனங்கண்டு தாக்குவது ஆய்வுகளில் அறியப்பட்டுள்ளது.

மருந்துகளின் வேறுபட்ட விளைவுகள்

டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவை கால்சிநியூரின் நொதியைத் தடுத்து, இன்டர்லியூக்கின்-2 உற்பத்தியைக் குறைக்கின்றன. இதனால் டி உயிரணுக்களின் பெருக்கம் தடைப்படுகிறது. ஆயினும் நினைவு உயிரணுக்களின் நிலைபேறு இன்டர்லியூக்கின்-7, இன்டர்லியூக்கின்-15 ஆகியவற்றையே பெரிதும் சார்ந்திருப்பதால் அவை எஞ்சி நிற்கின்றன.

2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெலட்டாசெப்ட், சிடி28 வழியான துணைத்தூண்டலைத் தடுக்கிறது. கிருமியை முன்பு எதிர்கொள்ளாத டி உயிரணுக்களுக்கு இத்தூண்டல் இன்றியமையாதது. நினைவு உயிரணுக்கள் பலவற்றுக்கு அத்துணைத் தேவையில்லை. சைக்ளோஸ்போரினைவிடச் சிறுநீரகச் செயற்பாடு மேம்பட்டிருந்தும், முதலாண்டில் கடும் உறுப்பு நிராகரிப்பு மிகுந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

ராபமைசினின் முரண்

ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிரியிலிருந்து பெறப்பட்ட ராபமைசின், எம்டார் நொதியைத் தடுக்கிறது. 2009இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வில், வைரசுத் தொற்றுக்குள்ளான எலிகளுக்கு இம்மருந்தைக் குறைந்த அளவில் தந்தபோது, சிடி8 நினைவு உயிரணுக்கள் எண்ணிக்கையிலும் தரத்திலும் மேம்பட்டன. எம்டார் தணியும்போது, குறுகிய காலமே வாழும் போர் உயிரணுவாவதினும் நெடுநாள் வாழும் நினைவு உயிரணுவாகும் போக்கு வலுப்பெறுவதே இதற்குக் காரணம். 2010இல் வெளியான மற்றோர் எலி ஆய்வு, ராபமைசின் கிருமிக்கெதிரான சிடி8 எதிர்வினையை வளர்த்ததையும், அதே எதிர்ச்செனியைத் தாங்கிய தோல் ஒட்டுக்கெதிரான எதிர்வினையை வளர்க்காததையும் காட்டியது.

முடிவுரை

ஆகவே ஒரு மருந்தின் விளைவு, அதன் அளவோடு, அது எவ்வகை உயிரணுவை எச்சூழலில் அடைகிறது என்பதையும் பொறுத்தது. உறுப்பு மாற்றத்திற்கு முன்னரே தடுப்பூசிகளை முடித்தல் வேண்டும் என்னும் மருத்துவப் பரிந்துரையின் அடிப்படையும் இங்கே தெளிவாகிறது: மருந்தின்கீழ்ப் புதிய நினைவை உருவாக்குவதினும், முன்பே உருவான நினைவைக் காப்பது எளிது. ஆனால் அந்நினைவுள் மாற்றுறுப்பைத் தாக்கவல்ல பகுதியை மட்டும் பிரித்தடக்கும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.