லட்சம் ஏக்கரில் விட்டது 89 சென்ட்டில் கூடியது!

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “சார், கடல்ல கொட்டின எண்ணெய் பரவி மெலிஞ்சு போகும்னுதானே சொல்றாங்க. அப்புறம் எப்படி ஒரே இடத்துல கட்டியா வந்து நிக்குது? எங்க அக்கா வீட்டுக்காரர் கடல் தொழில் பார்க்குறார். அவர் வலையில தார் மாதிரி உருண்டை உருண்டையா வருது.” பயிர்க் கேள்வி இல்லைதான். ஆனால் கடலோர வட்டாரத்தில் பாதிக் குடும்பங்களுக்கு ஒரு கால் வயலில், ஒரு கால் கடலில். அதனால் இந்த முறை இதையே எழுதுகிறேன்.

முதலில் நம் வயலுக்கு வருவோம். நடவு முடிந்து ஏக்கருக்கு 200 கிலோ அசோலா தூவுகிறீர்கள். சமமாகத்தான் தூவினீர்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் காற்று தள்ளி, முழுவதும் ஒரு மூலை வரப்பில் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. அங்கே வரப்பு இருக்கிறது, ஒதுங்கிவிட்டது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது நடந்ததில் ஒரு பகுதி இதேதான். எர்ணாவூர் கரையில் கருங்கல் தடுப்புகளுக்கு நடுவே எண்ணெய் கூழாகத் தேங்கியது. ஆட்கள் வாளியில் அள்ளியதை எல்லோரும் பார்த்தோம். ஆனால் வரப்பே இல்லாத நடுக்கடலில் எது ஒதுக்குகிறது? கேள்வியின் சிக்கலான பகுதி இதுதான்.

இதை அளந்து பார்க்க நினைத்தவர்கள் முதலில் எடுத்தது ஒரு காய்கறி என்றால் நம்புவீர்களா? ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயரும் ஸ்டாம்மெல் என்ற அமெரிக்கரும் ஸ்காட்லாந்தில் லாக் லாங் என்ற கடற்கழியில் பார்ஸ்னிப் துண்டுகளை இரண்டிரண்டாகப் போட்டு, அவை எவ்வளவு வேகத்தில் பிரிகின்றன என்று பார்த்தார்கள். பார்ஸ்னிப் என்பது வெள்ளைக் கேரட் மாதிரி ஒரு கிழங்கு. தண்ணீருக்கு மேலே அதிகம் தூக்கி நிற்காது, அதனால் காற்று அதைத் தள்ளாது. வெள்ளையாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியும். 1948-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு துண்டுகளும் பக்கத்தில் இருக்கும்போது மெதுவாகப் பிரிகின்றன. தள்ளிப் போகப் போக இன்னும் வேகமாகப் பிரிகின்றன. இடைவெளி இரண்டு மடங்கானால் பரவும் வேகம் சுமார் இரண்டரை மடங்காகிறது. காரணம் எளிது. சின்னச் சுழல் இரண்டையும் சேர்த்துச் சுற்றிவிடும் அளவில் இருக்கும்வரை அவை கூடவே போகும். இடைவெளி கூடினால் பெரிய சுழல்களும் பிரிக்கும் வேலையில் சேர்ந்துகொள்கின்றன.

கிழங்குக்குப் பதிலாக இன்று மிதவை. அடிப்படை மாறவில்லை: காற்று தள்ளக்கூடாது, தண்ணீர்தான் இழுக்க வேண்டும். அதற்காக மிதவைக்குக் கீழே ஒரு ‘பாய்’ தொங்கும். உலகக் கடல் முழுக்க இப்போது சுமார் 1,250 மிதவைகள் அலைகின்றன. அவற்றில் 15 மீட்டர் ஆழத்தில் ஓட்டை போட்ட நீளமான துணிக்குழாய் தொங்குகிறது. அது அறுந்துவிட்டால் மிதவை காற்றோடு ஓட ஆரம்பித்துவிடும். அந்தக் கணக்கைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். இவை கடல்மேல் வெப்பத்தையும் செயற்கைக்கோள் வழியாக அனுப்புகின்றன. நமக்குப் புயல், மழை சொல்கிறவர்களுக்கு அந்தக் கணக்கும் போகிறது.

பெரிய சோதனை நடந்தது மெக்சிகோ வளைகுடாவில். 2010 ஏப்ரல் 20-ல் அங்கே டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் தளம் வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கிணற்றை அடைக்க 87 நாள் ஆனது. அத்தனை நாளும் எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியிருந்தது. தடுப்பு மிதவையை எந்த ஊர் முன்னால் கட்டுவது, எந்த ஊர்க்காரர் வலையைச் சுருட்டுவது எல்லாம் அந்தக் கணிப்பில் தொங்கியது. செயற்கைக்கோளுக்கு 100 கி.மீ. அளவிலான பெரிய சுழல் தெரியும். சில நூறு மீட்டரில் நடப்பது தெரியாது.

அதனால் 2012 ஜூலையில் மியாமி பல்கலைக்கழகம் தலைமையிலான குழு அங்கே சுமார் 300 மிதவைகளை இறக்கியது. மும்மூன்றாக, 100 மீட்டர் இடைவெளியில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் இடமும் பதிவானது. பழைய கிழங்குக் கணக்கு 200 மீட்டரிலிருந்து 50 கி.மீ. வரை ஏறத்தாழ அப்படியே பொருந்தியது. சின்னச் சுழல்களை விட்டுவிட்டுப் போட்ட கணினிக் கணிப்புகள்தான் பரவலைக் குறைத்துக் காட்டியிருந்தன.

2016 தொடக்கத்தில் மறுபடி போனார்கள். இந்த முறை சுமார் 1,000 மிதவைகள். அத்தனையையும் கடலில் விட்டால் குப்பைதானே என்ற கேள்வி வரும் அல்லவா? அதனால் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் மட்கும் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். (நம் மல்ச்சிங் ஷீட்டுக்கு இந்தக் கவலை எப்போது வருமோ!) இதில் ஒரு பகுதியாக, 20 கி.மீ.க்கு 20 கி.மீ. பரப்பில் சுமார் 200 மிதவைகள் இருந்தன. நம் கணக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர். ஒரே வாரத்தில் அவற்றில் பாதிக்கு மேல் 60 மீட்டருக்கு 60 மீட்டர் இடத்தில் கூடிவிட்டன. அதாவது 89 சென்ட்! பிறகுதான் மெல்லப் பிரிந்தன.

எது கூட்டியது? மிசிசிப்பி ஆற்றின் நல்ல தண்ணீர் இலேசு. உப்புத் தண்ணீர் கனம். இரண்டும் சந்திக்கும் கோட்டில் கனமான தண்ணீர் இலேசானதற்கு அடியில் இறங்குகிறது. வினாடிக்கு 1 முதல் 2 செ.மீ. வேகம், கடலில் அது பெரிய வேகம். வயலில் வடிகால் குழாய் வாயைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் உள்ளே இறங்கும், பதரும் வைக்கோலும் இறங்க முடியாமல் வாயிலேயே நின்று சுற்றும். கடலிலும் அதே கதைதான். எண்ணெய், பிளாஸ்டிக், பாசி என்று மிதப்பதெல்லாம் அந்தக் கோட்டில் சேர்கிறது. மீன் கூட்டமும் அங்கே மேய வருவதால், அக்கா வீட்டுக்காரர் வலை வீசுகிற இடமும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். வாசகரே, தார் உருண்டை வலையில் வருவதற்கு இது ஒரு காரணம்.

வங்காள விரிகுடாவுக்கும் கங்கை, பிரம்மபுத்திரா நல்ல தண்ணீர் ஏராளமாக வருகிறது. நம் கரையோர நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கே ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே திரும்பும். எண்ணெய் கொட்டினால் எங்கே போகும் என்ற கணிப்பை ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் தருகிறது. அந்தக் கணிப்பு சரியாக வர, கடலில் மிதக்கும் கருவிகள் உயிரோடு இருக்க வேண்டும்.

கடைசியாக அந்த வாசகரிடம் ஒரு வேண்டுகோள். வலையில் உருண்டையான மிதவையோ, அடியில் துணிக்குழாய் தொங்குவதோ சிக்கினால் வெட்டிப் பிரிக்க வேண்டாம், வீட்டுக்கும் கொண்டுவர வேண்டாம். அப்படியே தண்ணீரில் விட்டுவிடச் சொல்லுங்கள். உள்ளே விற்கிற மாதிரி ஒன்றும் இல்லை. கரை ஒதுங்கிக் கிடந்தால் அதில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்திலோ கடலோரக் காவல் நிலையத்திலோ சொன்னால் போதும்.