கரிசல் இலையும் டிராகன் டீயும்!

ஃப்ரெண்ட்ஸ், முதல்ல ஒரு சின்ன செக்கிங். உங்க ஹாஸ்டல் ரூம் ஷெல்ஃப்ல, ஷாம்பு பாட்டிலுக்கும் அரியர் நோட்ஸுக்கும் நடுவுல ஒரு பச்சைப் பொடி டப்பா ஒளிஞ்சிருக்கா? இல்லேன்னா டிராகன் படம் போட்ட 'ஸ்லிம்மிங் டீ' பாக்கெட்? இருந்தா வெட்கப்பட வேணாம். நம்ம வயசுல காதலைப் பத்திக்கூட சத்தமா பேசிடலாம். மலச்சிக்கலைப் பத்திப் பேசத்தான் பயங்கரக் கூச்சம். அதனாலதான் பொடி, டீ, மாத்திரைன்னு ஆளாளுக்கு ஒரு ரகசிய வைத்தியம் ஓடிட்டிருக்கு.

அந்த டீ பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்துல இருக்கிறதைப் படிங்க. இந்த மாதிரி டீக்கள் பலதுலயும் 'சென்னா'ன்னோ, 'காசியா அங்குஸ்டிஃபோலியா'ன்னோ ஒரு பேர் இருக்கும். சீனப் பாரம்பரிய மருத்துவத்தில் அதுக்குப் பேர் 'ஃபான் ஷியே யே'. 'ஃபான்'னா வெளிநாட்டு, 'ஷியே'ன்னா பேதி, 'யே'ன்னா இலை. ஆக, வெளிநாட்டுப் பேதி இலை! எந்த வெளிநாடுன்னு கேட்கறீங்களா? சாட்சாத் நம்ம ஏரியாதான் பாஸ்!

உலக மருந்துச் சந்தையில் இந்த இலைக்கு நூறு வருஷத்துக்கும் மேலா 'டின்னவேலி சென்னா'ன்னு பேர். டின்னவேலின்னா நம்ம திருநெல்வேலி. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாப் பிரியற வரைக்கும் கோவில்பட்டியும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால நாமளும் தாராளமா உரிமை கொண்டாடலாம். எகிப்து, சூடான் பக்கத்துச் சரக்குக்கு 'அலெக்ஸாண்ட்ரியா சென்னா'ன்னு பேர். செடி அரபு நாடுகள் பக்கத்திலிருந்து வந்ததுதான். ஆனா, தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர், ராமநாதபுரம்னு நம்ம வறண்ட பூமியில பயிராகி, தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் ஏறி, உலகம் பூரா வயித்தைக் கலக்கினது நம்ம ஊர்ப் பேர்லதான்!

நம்ம பக்கம் இது செழிக்க ஒரு காரணம் இருக்கு. மானாவாரி வெயில் இதுக்கு சர்வ சாதாரணம். ஐப்பசி மழையில முளைச்சு, அப்புறம் வானம் கைவிட்டாலும் தாக்குப்பிடிக்கும். தண்ணி தேங்கி நின்னாதான் செத்துப்போகும். ஆடு மாடு வாய் வைக்காது, அதனால வேலி போடுற செலவும் இல்ல. இலையை உருவி, பச்சை நிறம் போகாம நிழல்ல காயவெச்சு, மூட்டை கட்டிடுவாங்க. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி 'கே.கே.எம் 1'னு இதுக்குத் தனி ரகமே வெளியிட்டிருக்கு. இப்போ ராஜஸ்தானும் போட்டிக்கு வந்தாச்சு.

பேர்லதான் ஒரு பெரிய குழப்பம். சித்த மருத்துவத்தில் இது நிலவாகை. நாட்டு மருந்துக் கடையில நிலாவாரைன்னும் சொல்வாங்க. பயிர் பண்றவங்க பல பேர் அவுரின்னு சொல்றாங்க. ஆனா, நீங்க கடையில போய் 'அவுரிப் பொடி'ன்னு கேட்டா, தலைமுடிக்குப் பூசற நீல அவுரியைத் தூக்கிக் கொடுத்துடுவாங்க. அது வேற செடி, வேற கதை. சுக்கு, மிளகு, ஓமம், வாய்விடங்கம் சேர்த்துச் செய்யற 'நிலவாகைச் சூரணம்' சித்த மருத்துவத்தில் மலச்சிக்கலுக்குப் பேர் போன மருந்து.

இதே கதை தலைகீழாவும் நடந்திருக்கு. சீனாவுல மலச்சிக்கலுக்கு ரொம்பப் பழைய மருந்து 'தா ஹுவாங்'னு ஒரு கிழங்கு. அது நம்ம நாட்டு மருந்துக் கடையிலயே கிடைக்கும், 'ரேவல்சின்னி'ங்கற பேர்ல. அந்தச் 'சின்னி' வேற எதுவும் இல்ல, பாரசீக மொழியில 'சீனத்து'ன்னு அர்த்தம். அவங்க நம்ம இலையை வெளிநாட்டு இலைங்கறாங்க, நாம அவங்க கிழங்கைச் சீனக் கிழங்குங்கறோம். இதுல செம காமெடி என்னன்னா, ரெண்டுலயும் உள்ளே இருக்கற சரக்கு ஒண்ணே: சென்னோசைடு! 1941-ல சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனியில ஆர்தர் ஸ்டோல் குழுவினர் நம்ம இலையிலிருந்து இதைத் தனியாப் பிரிச்சாங்க. இன்னிக்கு மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற பல பேதி மாத்திரைகள்லயும் இதேதான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயும் சென்னா இருக்கு. ஆக, 'இங்கிலீஷ் மருந்து வேணாம்ப்பா, மூலிகை டீதான் குடிக்கறேன்'னு பெருமையடிக்கிற உங்க ரூம்மேட், ரெண்டு கடையில ஒரே சரக்கை வாங்கறார்.

இது வேலை செய்யற விதம் நம்ம மாதிரி இன்ஜினீயரிங் பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். சென்னோசைடு ஒரு சீல் வெச்ச பார்சல். இரைப்பை அதை உடைக்காது, சிறுகுடலும் உறிஞ்சாது. பெருங்குடல் வரைக்கும் அப்படியே போகும். அங்கே இருக்கற பாக்டீரியாக்கள்கிட்டதான் சாவி இருக்கு. அதுங்க பார்சலைப் பிரிச்சு 'ரெய்ன் ஆந்த்ரோன்'கற பொருளா மாத்தினதும், பெருங்குடல் சுருங்கி விரிய ஆரம்பிக்கும், தண்ணியும் உள்ளே கூடும். இதுக்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். 'ராத்திரி குடிச்சா காலையில போகும்'னு பாட்டி சொன்னது கரெக்ட் டைமிங்!

இங்கேயே இன்னொரு விஷயத்தையும் பிடிச்சுக்கோங்க. நாம சாப்பிட்ட பரோட்டாவோட சத்து, கொழுப்பு எல்லாம் சிறுகுடல்லயே உறிஞ்சப்பட்டாச்சு. இந்த டீ வேலையை ஆரம்பிக்கறது அதுக்கு அப்புறம், பெருங்குடல்ல. அப்படின்னா எடை எப்படிக் குறையும்? குறையறது தண்ணி மட்டும்தான் கேர்ள்ஸ்! மறுநாள் ரெண்டு சொம்பு குடிச்சா எடை திரும்ப வந்து உட்கார்ந்துக்கும். போறது உங்க பாக்கெட் மணியும், உடம்பிலிருக்கற பொட்டாசியமும்தான். பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சா தசை தளரும், இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

'எனக்கு எடை பிரச்னை இல்ல, நெஜமாவே மாசக்கணக்கா மலச்சிக்கல்'னு சொல்றவங்களுக்குத்தான் அடுத்த மேட்டர்.

சீன மருத்துவத்தில் எல்லா மலச்சிக்கலும் ஒண்ணு கிடையாது. உடம்பில் சூடு கூடினதா, குடல் வறண்டதா, சக்தி குறைஞ்சதா, குளிர்ச்சியா, 'ச்சி'ங்கற உயிர்ச்சக்தி தேங்கினதான்னு ஆளுக்கு ஆள் பிரிச்சுப் பார்ப்பாங்க. நம்ம சித்த வைத்தியர் அபான வாயு கெட்டுப்போச்சான்னு பார்க்கற மாதிரி. 'ஃபான் ஷியே யே' சூட்டு வகைக்கு மட்டும்தான். பலவீனமானவங்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, பால் கொடுக்கறவங்களுக்கு, மாதவிலக்கு நேரத்தில் வேண்டாம்னு அவங்க எச்சரிக்கறாங்க. டிராகன் பாக்கெட் விக்கறவங்க இதையெல்லாம் கேட்கறாங்களா?

சரி, நாள்பட்ட சிக்கலுக்கு சீன வைத்தியம் நெஜமாவே பலன் தருதா? ஹாங்காங் பாப்டிஸ்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதிச்சிருக்காங்க. சுமார் 1800 வருஷத்துக்கு முந்தின ஒரு சீன நூல்ல 'மா ஸி ரென் வான்'னு ஒரு மாத்திரை இருக்கு. கஞ்சா இனத்துச் செடியோட விதை (பரபரக்காதீங்க, போதை இல்லாத விதை!), தா ஹுவாங் கிழங்கு உள்பட ஆறு சரக்கு சேர்ந்தது. 291 பேரை மூணு குரூப்பாப் பிரிச்சு, ஒரு குரூப்புக்கு இந்த மாத்திரை, ஒரு குரூப்புக்கு நம்ம சென்னா, ஒரு குரூப்புக்கு மருந்தே இல்லாத டம்மின்னு 8 வாரம் கொடுத்தாங்க. 2019-ல வந்த ரிசல்ட்படி, மருந்து சாப்பிட்ட நாட்கள்ல சீன மாத்திரைக்கு 100-க்கு 68 பேர் தேறினாங்க. சென்னாவுக்கு சுமார் 58. டம்மிக்கு 33.

இதுவரைக்கும் சென்னா டீசன்ட் மார்க்தான். மருந்தை நிறுத்தி இன்னொரு 8 வாரம் கவனிச்சதுலதான் ட்விஸ்ட்! சீன மாத்திரை குரூப்ல சுமார் 47 பேருக்குப் பலன் நீடிச்சது. சென்னா குரூப்போ 58-லிருந்து 21-க்கு விழுந்தது. டம்மி குரூப்ல 18. அதாவது, நிறுத்தினதுக்கு அப்புறம் சென்னாவுக்கும் டம்மிக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. நம்ம இலை அன்னிக்கு ராத்திரிக்கான ஆள். வருஷக்கணக்கான பிரச்னைக்கு அதை நம்பினா, வருஷக்கணக்காக் குடிச்சுட்டேதான் இருக்கணும்.

மின்சார அக்குபங்சரையும் சீனாவுல 15 ஆஸ்பத்திரிகள்ல 1075 பேருக்குச் சோதிச்சு 2016-ல வெளியிட்டாங்க. நெஜ ஊசிக்கு 100-க்கு 31 பேர், பாவ்லா ஊசிக்கு 12 பேர் தேறினாங்க. வித்தியாசம் இருக்கு. ஆனா நெஜ ஊசி குத்திக்கிட்டும் தேறாதவங்கதான் அதிகம்கறதையும் சேர்த்துச் சொல்லணும்.

தினமும் சென்னா குடிச்சா குடலே நிரந்தரமாச் செத்துடும்னு சில பேர் பயமுறுத்துவாங்க. அதுக்கு வலுவான ஆதாரம் கிடையாது. மாசக்கணக்கா எடுக்கறவங்களுக்குப் பெருங்குடலின் உள்சுவர் கறுத்துப்போகும், நிறுத்தினா மெதுவாச் சரியாகிடும். நெஜமான ஆபத்து ரெண்டு. ஒண்ணு, முன்னாடி சொன்ன பொட்டாசியம். இன்னொண்ணு, உள்ளே இருக்கற வேற வியாதியை மூடி மறைக்கறது. அதனாலதான் டாக்டர் சொல்லாம ஒண்ணு, ரெண்டு வாரத்துக்கு மேல வேண்டாங்கறாங்க.

சரி, இருபது வயசுல நமக்கு ஏன் இந்தச் சிக்கல்? காலையில சாப்பிட்டதும் பெருங்குடல் தானாவே அசைய ஆரம்பிக்கும். உடம்பு கொடுக்கற இலவச அலாரம் அது. அந்த நேரத்தில் நாம எங்கே இருக்கோம்? காலேஜ் பஸ்ஸுல, கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டு! அலாரத்தை அடக்கினா, பெருங்குடல் பாட்டுக்கு இருக்கற தண்ணியை உறிஞ்சிட்டே இருக்கும், மலம் இறுகிடும். நாலு நாள் அடக்கினா அலாரமே சோர்ந்துபோகும். காலேஜ் போய்ப் பார்த்துக்கலாம்னா, அங்கே டாய்லெட் இருக்கற லட்சணம் உங்களுக்கே தெரியும். தாழ்ப்பாள் இருந்தா தண்ணி வராது, தண்ணி வந்தா தாழ்ப்பாள் இருக்காது. இதுக்குப் பயந்தே நாள் பூரா சொட்டுத் தண்ணி குடிக்காம இருக்கற பொண்ணுங்க எத்தனை பேர்! கரிசல் வெயில்ல தண்ணி குடிக்காம இருந்தா எந்தக் குடல்தான் ஒத்துழைக்கும்? என்னைக் கேட்டா, நம்ம வயசுக்காரங்க மலச்சிக்கலுக்கு முதல் மருந்து எந்த மூலிகையும் இல்ல, தாழ்ப்பாளும் தண்ணியும் உள்ள ஒரு கழிப்பறை. ஸ்டூடன்ட்ஸ் கவுன்சில்ல கல்ச்சுரல்ஸ் பட்ஜெட்டுக்கு அடிச்சுக்கற நாம இதுக்கு ஒரு மனு எழுதலாமே!

மெஸ்ஸும் சும்மா இல்ல. காலையில பொங்கல், மதியம் வெள்ளைச் சோறு, ராத்திரி மைதா பரோட்டா, நடுவுல காரச்சேவு. நம்ம தாத்தாக்கள் குடிச்ச கம்பங்கஞ்சியிலயும் குதிரைவாலிச் சோத்துலயும் இருந்த நார்ச்சத்துல பாதிகூட இதுல தேறாது. கடலைமிட்டாய்ல ஏதோ கொஞ்சம் நார் இருக்கு. அதுக்காக ஒரு பாக்கெட்டைக் காலி பண்ணிடாதீங்க.

இன்னொரு குட்டி எச்சரிக்கை. வயிறு எரியுது, நெஞ்சு கரிக்குதுன்னாலும் 'வயித்தைக் கழுவினா சரியாகும்'னு சில பேர் நிலவாகையைக் கலக்கறாங்க. ரெண்டும் வேற வேற. இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரிங்கற கிருமி. ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் 1984-ல அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடிச்சு, இரைப்பை அழற்சி வரவெச்சுக் காட்டினார். 2005-ல ராபின் வாரனோட சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். கிருமியைக் கொல்ல மருந்து இருக்கு, பேதியில அது போகாது.

அதைவிட அவசரமானது, திடீர்னு வர்ற வயித்து வலி. தொப்புளைச் சுத்தி ஆரம்பிச்சு வலது பக்கம் கீழே இறங்கி, கூடவே வாந்தி, காய்ச்சல்னா குடல்வால் அழற்சியா இருக்கலாம். அப்போ 'மலம் கட்டியிருக்கு'ன்னு பேதி மருந்து கொடுக்கறது பெரிய ஆபத்து, குடல்வால் வெடிச்சிடலாம். நேரா ஆஸ்பத்திரிதான். மலத்தில் ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, வாரக்கணக்கில் மாறி மாறி பேதியும் சிக்கலும்னாலும் தள்ளிப்போடக் கூடாது.

பாரம்பரிய வைத்தியம்தான் வேணும்னாலும் பாக்கெட் கம்பெனியை நம்ப வேணாம். 1964-ல ஆரம்பிச்ச அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையில இருக்கு. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி பஸ் ஏறினா போதும். நாடி பார்ப்பாங்க, நாக்கைப் பார்ப்பாங்க, நீங்க சொல்லக் கூச்சப்படற கேள்விகளையும் கேட்பாங்க. மறைக்காம சொல்லுங்க. எத்தனை மாசமா, வாரத்துக்கு எத்தனை தடவை, கூட என்ன மாத்திரைன்னு எல்லாத்தையும். போகும்போது அந்தப் பச்சைப் பொடி டப்பாவையும், டிராகன் பாக்கெட்டையும் மறக்காம பையில எடுத்து வெச்சுக்கோங்க.