கூரையில் பழுப்புக் கோடு!

குட்டீஸ், உங்கள் வீட்டுக் குளியலறைக் கூரையிலோ, மாடிப்படிக்கு அடியிலோ டீக்கறை மாதிரி நீளமாகப் பழுப்புக் கோடு இருக்கிறதா? ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்தாச்சா? இப்போது கோவை சிங்காநல்லூருக்குப் போவோம். அங்கே 'ஹவுசிங் யூனிட்' என்றால் எல்லாருக்கும் தெரியும். வீட்டு வசதி வாரியம் 1980களில் கட்டிய 960 அடுக்குமாடி வீடுகள். உங்கள் அப்பா வயதுதான் இருக்கும்! அதற்குள் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்து, உள்ளே இருந்த கம்பி பல்லிளிக்க ஆரம்பித்துவிட்டது. பயந்துபோய் பலர் வீட்டைக் காலி செய்தார்கள். புதிதாகக் கட்டித் தாருங்கள் என்று பல வருடம் கேட்டார்கள். பத்திரிகைகளில் படங்களும் வந்தன.

கான்கிரீட் கெட்டியாயிற்றே, ஏன் உதிர்கிறது? உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிதான் காரணம். புது கான்கிரீட்டில் சுண்ணாம்பைப் போலக் காரத்தன்மை உண்டு. அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே புகுந்து, அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். கூடவே குழாய்க் கசிவோ மழைத் தண்ணீரோ சேர்ந்தால் துரு தொடங்கிவிடும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை! உள்ளே இடம் ஏது? டப்பா நிறைய ஊறப்போட்ட கொண்டைக்கடலை உப்பி மூடியைத் தள்ளுமே, அப்படி கான்கிரீட்டைத் தள்ளும். முதலில் பழுப்புக் கோடு, பிறகு விரிசல், கடைசியில் 'தொப்'!

'தொப்' என்று விழுந்தால் மறுநாள் செய்தி. அதற்கு முன் பத்து வருடம் துருப்பிடித்தது செய்தியாவதில்லை. பத்திரிகைக்காரர்களான எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

குஜராத்தில் மோர்பி தொங்கு பாலம் பழுதுபார்த்துத் திறந்த நாலே நாளில், 2022 அக்டோபர் 30 அன்று, அறுந்து விழுந்தது. 135 பேர் இறந்தார்கள். உலகமே பேசியது. அறுந்த வடத்தில் இருந்த 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருவேறியிருந்ததை விசாரணைக் குழு பிறகுதான் கண்டுபிடித்தது.

அதே வருடம் டிசம்பரில் நம் பாம்பன் ரயில் பாலத்தில் வேறு கதை. 1914இல் திறந்த பாலம் அது. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பகுதியைத் துரு அரித்திருப்பது தெரிந்ததும் ரயிலை நிறுத்திவிட்டார்கள். ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை இப்படித்தான். பழைய பாலம் விழவில்லை.

சரி, உங்கள் வீட்டுக் கோட்டுக்கு வருவோம். அதைச் சுரண்டாதீர்கள். அதற்குக் கீழே கட்டிலோ படிப்பு மேஜையோ இருந்தால் நகர்த்தச் சொல்லுங்கள். பள்ளி வராண்டா என்றால் டீச்சரிடம் காட்டுங்கள். கைக்கெட்டும் சுவரில் விரிசல் இருந்தால், இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அடுத்த மாதம் விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், இன்ஜினியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் வந்து சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கெட்டியாக இருந்தால் 'ணங்' என்று கேட்கும். உள்ளே விட்டுப்போயிருந்தால் 'டொப்' என்று கேட்கும்.