மஞ்சள் கப்: எண்பது வயது விமானத்தைக் கட்டிக் காப்பது

பைப்பர் ஜே-3 கப் விமானத்தில் பெட்ரோல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் கருவி ஒரு கம்பி. தொட்டிக்குள் மிதக்கும் கார்க்கில் அதைச் செருகி, மறுமுனையை மூடியில் உள்ள துளை வழியாக வெளியே நீட்டி விட்டிருக்கிறார்கள். தொட்டியின் மூடி முன்கண்ணாடிக்கு வெளியே, ஓட்டுபவரின் கண்ணெதிரே இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி உள்ளே இறங்கும். அது மூடியைத் தொடும் வரை காத்திருப்பவர் விமானி இல்லை, சூதாடி. கார்க் பெட்ரோலில் ஊறிக் கனத்துப்போய்ப் பொய் சொல்வதும் உண்டு என்பதால், விவரம் தெரிந்தவர்கள் கம்பியோடு கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொள்வார்கள். தொட்டி 45 லிட்டர், எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 15 லிட்டர் குடிக்கும். கணக்கு மனத்திலேயே போட்டுவிடலாம்.

1938 முதல் 1947 வரை இந்த வகை விமானம் இருபதாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் செய்யப்பட்டது. அவற்றில் பல இன்றும் பறக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் பெரும் பணக்காரர்களோ அருங்காட்சியகங்களோ அல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர், விவசாயி, லாரி மெக்கானிக் என்று யாராகவும் இருக்கலாம். அமெரிக்காவில் நல்ல நிலையில் உள்ள ஒரு கப் விமானம் ஏறக்குறைய ஒரு புதிய காரின் விலைக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் வாங்குவது எளிது, வைத்துக்கொள்வதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பிறப்புக் கதை. பென்சில்வேனியாவில் பிராட்ஃபோர்டு என்பது எண்ணெய்க் கிணறுகளால் பிழைத்த ஊர். அங்கே கில்பர்ட் டெய்லர் என்பவர் சிறு விமானங்கள் கட்டும் நிறுவனம் நடத்தினார். பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் நிறுவனம் திவாலானது. அதில் பணம் போட்டிருந்த எண்ணெய் வியாபாரி வில்லியம் பைப்பர், நிறுவனத்தின் சொத்து முழுவதையும் 761 டாலருக்கு வாங்கினார். டெய்லரையே வடிவமைப்பாளராகவும் வைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் இருவருக்கும் ஒத்துவரவில்லை, டெய்லர் விலகினார். 1937 மார்ச்சில் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. பைப்பர் அசரவில்லை. அதே மாநிலத்தில் லாக் ஹேவன் என்ற ஊரில் மூடிக் கிடந்த ஒரு பட்டு ஆலையைப் பிடித்து, அங்கே தொழிலைத் தொடர்ந்தார். பட்டு நெய்த கூடத்தில் துணி போர்த்திய விமானங்கள் வரிசையாக வெளிவந்தன. அடர்மஞ்சள் உடல், பக்கவாட்டில் மின்னல்போல் ஒரு கறுப்புக் கோடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே அலங்காரம்.

இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் அமெரிக்க அரசு கல்லூரி மாணவர்களுக்கு விமானப் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது, அவர்களில் பெரும்பாலோர் ஏறிப் பழகியது கப்பில்தான். ராணுவம் அதற்குப் பச்சை வண்ணம் பூசி, எல்-4 என்று பெயர் வைத்து, பீரங்கிக் குண்டுகள் எங்கே விழுகின்றன என்று மேலிருந்து பார்த்துச் சொல்லப் பயன்படுத்தியது. 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் வானில் ஒரு எல்-4 விமானத்தில் இருந்த இருவர், எதிரே வந்த ஜெர்மன் வேவு விமானத்தைக் கைத்துப்பாக்கியால் சுட்டே தரையிறக்கினார்கள். பிறகு தாங்களும் பக்கத்தில் இறங்கி, அதிலிருந்தவர்களைச் சிறைபிடித்தார்கள். திறந்த கதவு வழியாகக் கையை நீட்டிச் சுடும் அளவுக்கு மெதுவாகப் போகிற விமானத்தில்தான் இது நடக்கும்.

மெதுவாகப் போவதுதான் கப்பின் குணம். பயண வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். எதிர்க்காற்று பலமாக அடிக்கும் நாளில் கீழே நெடுஞ்சாலையில் போகிற கார்கள் முந்திக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே பறக்க வேண்டியதுதான். மணிக்கு 61 கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் இறக்கை காற்றைப் பிடிக்க மறுக்கும். இறக்கையின் நீளம் நுனிக்கு நுனி பத்தே முக்கால் மீட்டர். வெற்று எடை 345 கிலோ, ஆளும் பெட்ரோலும் சேர்த்து 550 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

இந்த எடைக் குறைவு எங்கிருந்து வருகிறது? உடல் என்பது மெல்லிய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த ஒரு கூடு, அவ்வளவுதான். இறக்கைக்கு உள்ளே இரண்டு நீள உத்தரங்கள். பழையவற்றில் அவை ஸ்புரூஸ் மரம், பிந்தியவற்றில் அலுமினியம். அவற்றின் குறுக்கே அலுமினிய விலா எலும்புகள். இவை எல்லாவற்றின் மேலும் துணி. அந்தக் காலத்தில் பருத்தித் துணி போர்த்தி, ‘டோப்’ என்ற பசை வார்னிஷைப் பல தடவை பூசி இறுக்குவார்கள். வெயிலில் நின்றால் சில வருடங்களில் அது நைந்துவிடும். இன்று பாலியெஸ்டர். கொட்டகைக்குள் நிறுத்தினால் இது பல பத்தாண்டுகள் தாங்குகிறது.

துணி மாற்றும் வேலை ஒன்றே போதும், இந்த விமானத்தின் மேல் ஒருவருக்குப் பித்துப் பிடிக்க. பழைய துணியைக் கத்தியால் அறுத்து உரித்ததும் உள்ளே எண்பது வருடக் கூடு அப்படியே தெரியும். எலிக்கூடு, குளவி மண், எவரோ எப்போதோ தவறவிட்ட திருகு, எல்லாம் கிடைக்கும். எலி மூத்திரம் அலுமினியத்தை அரித்துவிடும் என்பது இந்த வேலையில் இறங்கினால்தான் தெரிய வருகிற சங்கதி. குழாய்களைத் துரு நீக்கி, பெயின்ட் அடித்து, புதுத் துணியைத் தளர்வாக ஒட்டுவார்கள். பிறகு துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் துணி சுருங்கி முரசுத் தோல்போல் விறைக்கும். சூடு 350 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் துணி தளர்ந்துவிடும், பிறகு இறுகவே இறுகாது. அதனால் பெட்டியின் திருகு காட்டும் எண்ணை யாரும் நம்புவதில்லை, வெப்பமானி வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது தையல். மெழுகு ஏற்றிய நூலை ஒரு முழ நீள ஊசியில் கோத்து, இறக்கையின் மேல்பக்கம் குத்திக் கீழ்ப்பக்கம் எடுத்து, விலாவைச் சுற்றி மறுபடி மேலே கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும். ஒவ்வொரு விலாவிலும் சில அங்குலங்களுக்கு ஒரு முடிச்சு. ஒருவர் மேலே, இன்னொருவர் கீழே. பல குடும்பங்களில் கணவன் மனைவியாகச் செய்கிறார்கள். ஒட்டிய துணிக்கு எதற்குத் தையல் என்று கேட்கலாம். விமானத்தைத் தூக்கும் விசையில் பெரும்பங்கு இறக்கையின் மேல்பரப்பில் ஏற்படும் உறிஞ்சல். அந்த உறிஞ்சல் துணியை விலாவிலிருந்து பிய்த்து மேலே இழுக்கும். முடிச்சுகள்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தையலை நாடாவால் மூடி, அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சைத் தடவுவார்கள். புற ஊதாக் கதிர் துணியைத் தின்னாமல் தடுப்பது அதுதான். நாம் பார்க்கிற மஞ்சள் அதற்கும் மேலே.

கண்ணுக்குத் தெரிகிற துணியைவிடத் தெரியாத இடங்கள்தான் ஆபத்து. இறக்கையை உடலோடு சேர்த்துத் தாங்குபவை, பக்கத்துக்கு இரண்டாகச் சாய்ந்து நிற்கும் எஃகு ஸ்ட்ரட்டுகள். அவை உள்ளீடற்றவை. ஈரம் உள்ளே புகுந்து அடிமுனையில் தேங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அப்படி ஸ்ட்ரட் முறிந்து விபத்துகள் நேர்ந்த பிறகு, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 1993-இல் ஒரு கட்டாய உத்தரவு போட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியைச் சோதிக்க வேண்டும், அல்லது காற்றுப் புகாமல் அடைத்த புது ஸ்ட்ரட் போட வேண்டும். சோதனைக் கருவி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஸ்பிரிங் வைத்த ஒரு கூர்முனையைக் குறிப்பிட்ட அழுத்தத்தில் குத்துவார்கள். குழி விழுந்தால் ஸ்ட்ரட் குப்பைக்கு.

எஞ்சின் கான்டினென்டல் ஏ-65. நான்கு சிலிண்டர், இப்பக்கம் இரண்டு, அப்பக்கம் இரண்டு எனப் படுத்திருக்கும். காற்றால் குளிர்வது, 65 குதிரைசக்தி. பேட்டரி இல்லை, டைனமோ இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை. தீப்பொறியை இரண்டு மேக்னெட்டோக்கள் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், ஆக எட்டு. ஒரு மேக்னெட்டோ செத்தாலும் மற்றது வீடு கொண்டுவந்து சேர்க்கும். எண்ணெய்க்கு ஃபில்டர் கிடையாது, ஒரு சல்லடைதான். ஆகவே 25 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது சொந்தக்காரரின் கடமை. மினுமினுப்பாக உலோகத் தூள் தெரிந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது.

இந்த எஞ்சினுக்கு ஒரு காலக் கோளாறும் உண்டு. அது 73 ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. இன்று விமான நிலையங்களில் கிடைப்பது ஈயம் கலந்த 100 ஆக்டேன். அந்த ஈயம் கீழ்ப்பக்கப் பிளக்குகளில் சிறு மணிகளாகத் திரண்டு தீப்பொறியை அடைக்கிறது. பிளக்கைக் கழற்றி, கூர்முனையால் மணிகளைத் தட்டி எடுப்பது வழக்கமான வேலை. அதற்குரிய அனுமதி பெற்று, எத்தனால் கலக்காத கார் பெட்ரோல் போட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கப்புக்கு அதுதான் ஒத்துக்கொள்கிறது.

சட்டம் இதில் தாராளமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் விமானி உரிமம் உள்ள சொந்தக்காரர் எண்ணெய் மாற்றலாம், பிளக் சுத்தம் செய்யலாம், டயர் மாற்றலாம், சக்கரத்தின் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் கயிற்றை மாற்றலாம், தையல் தேவைப்படாத சின்னக் கிழிசலுக்கு ஒட்டுப் போடலாம். எதைச் செய்தாலும் விமானத்தின் பராமரிப்புப் பதிவான லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கென அங்கீகாரம் பெற்ற மெக்கானிக் விமானத்தை முழுதாகத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லையென்றால், எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அது விமானம் அல்ல, தோட்டத்து அலங்காரம்.

பறப்பதற்கு வருவோம். புறப்படும் முன் ஒருவர் கையால் புரொப்பெல்லரைச் சுழற்ற வேண்டும். வால் ஒரு கயிற்றில் கட்டியிருக்க வேண்டும், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். சுவிட்ச் அணைந்திருப்பதாக உள்ளே இருப்பவர் சொன்னாலும், புரொப்பெல்லர் எந்த நேரமும் உயிர்பெறும் என்று நினைத்தே கை வைக்க வேண்டும். கட்டாமல், ஆக்ஸிலரேட்டர் அதிகம் திறந்திருந்து, ஆளில்லாமல் ஓடிப்போய் மற்ற விமானங்களை வெட்டிய பழைய விமானங்களின் கதை ஏராளம். சோம்பேறித்தனத்துக்கு இதில் மன்னிப்பே கிடையாது.

தனியாகப் பறந்தால் பின் இருக்கையில் உட்கார வேண்டும். எஞ்சினும் பெட்ரோலும் முன்னால் இருப்பதால் எடைச் சமநிலை அப்படித்தான் வரும். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கிறது, எதிரே ஒன்றும் தெரியாது. வளைந்து வளைந்து ஓட்டிப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பிரேக் குதிகாலில், அதுவும் பேருக்குத்தான். முன்னிரு சக்கரங்களுக்குப் பின்னால் எடைமையம் இருப்பதால், இறங்கியோடும்போது சற்றுக் கோணினாலும் வால் முந்திக்கொண்டு வரப் பார்க்கும். விமானம் அப்படியே சுற்றி நின்றுவிடுவதை கிரவுண்ட் லூப் என்பார்கள். சக்கரம் ஒடியும், இறக்கை நுனி தரையில் உரசும். இதைத் தடுப்பது கால்கள்தான். ரடர் பெடல்களில் கால் ஓயாமல் சின்னச் சின்னதாக வேலை செய்தபடி இருக்க வேண்டும், கொட்டகைக்குள் போய் எஞ்சினை அணைக்கும் வரை. நவீன விமானத்தில் பழகியவர்கள் கப்பில் வந்து திணறுவது இங்கேதான். கப்பில் கற்றவர்கள் வேறு எதிலும் திணறுவதில்லை என்பது பழைய பயிற்சியாளர்களின் பெருமை. எனக்கும் அது மிகையாகத் தோன்றவில்லை.

மேலே போய்விட்டால் எல்லாம் சுகம். வலப்பக்கக் கதவு இரண்டாகப் பிளந்து, மேல்பாதி இறக்கையோடும் கீழ்ப்பாதி உடலோடும் ஒட்டிக்கொள்ளும். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு முந்நூறு மீட்டர் உயரத்தில் அறுவடை வயல்களைப் பார்த்தபடி போகலாம். ரேடியோவே இல்லாமல், கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறு ஓடுபாதைகளில் இறங்கி ஏறலாம். ஒவ்வொரு கோடையிலும் லாக் ஹேவனில் கூடும் விழாவுக்கு, தாங்கள் பிறந்த ஊரைத் தேடி இந்த விமானங்கள் வருகின்றன.

இந்தியாவிலும் இதற்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு. பெங்களூரில் எச்.ஏ.எல். 1958-இல் பறக்கவிட்ட புஷ்பக், கப்பின் போட்டியாளரான ஏரோங்காவின் சீஃப் விமானத்தை ஒட்டிச் செய்யப்பட்டது. எஃகுக் கூடு, துணிப் போர்வை, வால் சக்கரம், கான்டினென்டல் எஞ்சின், எல்லாம் அதே குலம். நம் ஊர்ப் பறக்கும் கழகங்களில் ஒரு தலைமுறை விமானிகள் அதில்தான் கற்றார்கள்.

இப்படி ஒரு விமானத்தை வாங்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் லாக் புத்தகம், பிறகு ஸ்ட்ரட், பிறகு துணிக்கு அடியில் வால்பக்கத்துக் குழாய்கள், அதன் பிறகு எஞ்சின். பெயின்ட் கடைசி. மிகக் குறைந்த மணி நேரமே பறந்தது, பதினைந்து வருடமாகக் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் விலையைப் பாதியாகக் கேளுங்கள். நின்றுபோன எஞ்சினில் சிலிண்டர் துருப்பிடித்திருக்கும், ரப்பர் இறுகியிருக்கும், எலி குடியேறியிருக்கும். வாராவாரம் பறந்து, பெயின்ட் மங்கி, சல்லடை சுத்தமாக இருக்கிற கப் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.