குதிரைக் காலில் பட்டுக் குஞ்சம்!

அழகு முடிக்குள்ளே ஒளிந்திருக்கும் ஆபத்து

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. விஜயநகர மன்னர்கள் காலத்து மண்டபம் அது. தூண்களிலே குதிரைகள்! முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பாய்கின்றன. முதுகிலே வீரர்கள் வீற்றிருக்கிறார்கள்.

கல் குதிரைக்குக் கொள்ளு வேண்டாம். லாடம் வேண்டாம். எத்தனை மழையில் நனைந்தாலும் அதன் காலில் புண் வராது.

உயிருள்ள குதிரையின் கதை வேறு. கால் கெட்டால் குதிரையே கெட்டது.

குதிரையைப் பேணத் தெரியாமல் தமிழ்நாடு பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்தவர் வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ. அரபு நாட்டுப் பக்கமிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஓர் அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவாராம். ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாதாம்! குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லாததுதான் காரணம் என்கிறார். யாத்திரிகர் கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம்.

அவை காலில் முடி இல்லாத குதிரைகள். அவற்றுக்கே அந்தக் கதி என்றால், கால் நிறைய முடி வளர்ந்த குதிரைக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

அப்படியும் குதிரை உண்டா? உண்டு.

சீமைக் குதிரை

ஜட்கா வண்டிக் குதிரையை நினைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். அதன் கணுக்காலுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கற்றை முடி இருக்கும். அவ்வளவுதான்.

இங்கிலாந்து நாட்டு "ஷயர்" குதிரை அப்படியல்ல. முழங்காலுக்குக் கீழே தொடங்கும் முடி குளம்பையே மூடிவிடும். நடக்கும்போது நாலு காலிலும் பட்டுக் குஞ்சம் கட்டியதுபோல் ஆடும்! ஸ்காட்லாந்தின் "கிளைடெஸ்டேல்" குதிரைக்கும், நெதர்லாந்தின் கறுப்பு "பிரீசியன்" குதிரைக்கும் இப்படித்தான். ஊர் ஊராகச் செல்லும் ஜிப்ஸி மக்களின் கூண்டு வண்டியை இழுக்கும் "காப்" குதிரைக்கும் உண்டு.

ஷயர் குதிரை பார வண்டி இழுக்கப் பிறந்தது. தோள் வரைக்குமே ஐந்தரை அடி உயரம் இருக்கும். எடை ஒரு டன் வரும். 1846-ல் பிறந்த "சாம்ப்சன்" என்ற ஷயர் குதிரை ஏழு அடிக்கு மேல் வளர்ந்தது. உலகத்திலேயே உயரமான குதிரை என்று பெயர் வாங்கியது.

இந்தக் கால் முடிக்கு ஓர் இலக்கணமும் வகுத்திருக்கிறார்கள். அது மெல்லியதாக, நேராக, பட்டுப்போல் இருக்க வேண்டும். சுருட்டையாகவும் முரடாகவும் இருந்தால் மட்டம். காஞ்சிபுரத்து நெசவாளியிடம் கொடுத்தால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்!

முடிக்குள் என்ன?

மழை பெய்கிறது. குதிரை சேற்றில் நிற்கிறது. காலையில் பார்த்தால் முடியின் மேற்புறம் காய்ந்திருக்கும். உள்ளே விரலை விட்டால் ஈரம்!

ஈரத்தில் ஊறிய தோல் மெத்தென்று ஆகிவிடும். அதில் கிருமி நுழையும். பொருக்குத் தட்டும். பொருக்கின் அடியில் சீழ் கட்டும். "சேற்றுக் காய்ச்சல்" என்று இதற்கு அங்கே பெயர். காய்ச்சல் என்றாலும் இது தோல் நோய்தான். வயல் சேற்றில் நின்றவர்களுக்குச் சேற்றுப்புண் வருகிறதல்லவா, ஏறக்குறைய அதுபோல.

இன்னொரு விருந்தாளியும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. தலையில் பேன் குடியேறுவதுபோல் அது கால் முடிக்குள் குடியேறிவிடும். உதிரும் தோல் பொடிதான் அதற்குச் சாப்பாடு. குதிரைக்கோ தாங்க முடியாத நமைச்சல்! தரையை ஓங்கி ஓங்கி உதைக்கும். ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்க்கும். லாயத்துச் சுவரில் உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும். "முரட்டுக் குதிரை" என்று அடிப்பவர்களும் உண்டு. அடிக்கும் முன் முடியை விலக்கிப் பார்த்திருந்தால் விஷயம் புரிந்திருக்கும்.

1914 முதல் 1918 வரை நடந்த உலக யுத்தத்தில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் குதிரைகள் முழங்கால் சேற்றில் பீரங்கி இழுத்தன. முடிக் கால் குதிரைகளைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பெரும்பாடாகிவிட்டது. பிரான்சு தேசத்து "பெர்ஷரான்" குதிரைக்கும் அதே பலம். ஆனால் காலில் முடி கிடையாது. அதைக் கண்ட பிரிட்டிஷார் தங்கள் நாட்டிலும் அந்த இனத்தை வளர்க்க விரும்பி, 1918-ல் ஒரு சங்கமே அமைத்தார்கள். ஷயர் வளர்ப்பவர்களும் பிறகு முடி குறைந்த குதிரைகளையே விரும்பத் தொடங்கினார்கள்.

குதிரைக்கும் யானைக்கால்!

யானைக்கால் என்றால் காஞ்சிப் பக்கத்தாருக்கு விளக்கம் தேவையில்லை. கொசுக் கடியால் வரும் அந்த நோயின் கொடுமையைக் கண்டவர்கள் அவர்கள்.

பாரக் குதிரைகளுக்கும் கால் அப்படி வீங்குகிறது. இங்கே கொசு குற்றவாளி அல்ல. உடம்பில் ஊறும் நிணநீர் காலிலிருந்து சரியாக மேலே ஏறாமல் தேங்கிவிடுகிறது. கால் தூண்போல் பருக்கிறது. தோல் மடிப்பு மடிப்பாகத் தடிக்கிறது. நாளடைவில் மடிப்புகள் கட்டி கட்டியாகத் தொங்குகின்றன. ஷயர், கிளைடெஸ்டேல், பெல்ஜியப் பாரக் குதிரை ஆகிய மூன்று இனங்களிலும் இந்த நோயை அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் விவரித்தார்கள்.

இதைத் தீர்க்க மருந்து இல்லை. தள்ளிப் போடத்தான் முடியும். முற்றிவிட்டால், வேதனை தாளாத குதிரையை ஊசி போட்டு உறங்க வைக்கிறார்கள்.

முதல் மடிப்பு சுண்டு விரல் அகலம்கூட இருக்காது. அடர்ந்த முடி அதை மறைத்துவிடும்! சொந்தக்காரர் கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். எனவே நோய் கண்ட குதிரைக்கு முதல் வேலையாக முடியைக் குறைக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். பிறகு காலைக் கழுவித் துடைத்து, நீவிவிட்டு, துணிக் கட்டுப் போடுகிறார்கள். தினமும் நடக்க வைக்கிறார்கள். யானைக்கால் வந்த மனிதருக்கும் இதே முறைதான். சோப்புப் போட்டுக் கழுவு, ஈரம் போகத் துடை, காலை அசை!

சிக்கு எடுப்பது எப்படி?

நோய் இல்லாத குதிரைக்கு முடியை விட்டு வைக்கலாம். ஆனால் தினமும் வேலை உண்டு.

சேறு ஈரமாக இருக்கும்போது தேய்க்கக் கூடாது. காய விட்டு உதிர்க்க வேண்டும். நீண்ட கூந்தல் உள்ள பெண்ணுக்கு அம்மா எப்படிச் சிக்கு எடுக்கிறாள்? நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போகிறாள். அதே முறைதான். நடுவில் சீப்பை விட்டு இழுத்தால் முடி அறும், குதிரையும் உதைக்கும்.

கழுவினால் முழுக்கக் காய வைக்க வேண்டும். அரைகுறை ஈரத்துக்குக் கழுவாமலே இருப்பது மேல். கண்காட்சிக்குப் போகிறவர்கள் ஈர முடியில் மெல்லிய மரத்தூளைத் தேய்க்கிறார்கள். தூள் ஈரத்தை உறிஞ்சிவிடும். தட்டிவிட்டால் முடி வெள்ளைவெளேர் என்று நிற்கும்.

எண்ணெயில் கந்தகப் பொடி குழைத்துத் தடவும் பழக்கமும் உண்டு. சொறி சிரங்குக்குக் கந்தகம் தடவுவது நம் பாட்டிமாருக்கும் தெரிந்த வைத்தியம்தானே! ஆனால் சில குதிரைகளின் தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது. முதலில் ஓர் இடத்தில் மட்டும் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

கத்தரி எடுக்கும் நாள்

வெட்டுவது என்று முடிவானால் வறண்ட பருவத்தில் வெட்டுவது நல்லது. முதலில் காலைக் கழுவிக் காய வைக்க வேண்டும். முடியில் மண் இருந்தால் மிஷின் கத்தி மழுங்கிவிடும்.

மிஷின் சத்தம் குதிரைக்குப் புதிது. தூரத்தில் ஓட விட்டுக் காது பழக வேண்டும். வெட்டுகிறவர் நேர் பின்னால் நிற்கவே கூடாது. பக்கத்தில் குனிந்து நிற்கலாம். தரையில் உட்கார்ந்தால் உதைக்கும்போது எழுந்து ஓட முடியாது! ஒருவர் இன்னொரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால் குதிரை அசையாது.

முதலில் கத்தரியால் நீள முடியைக் குறைத்துவிட்டு, பிறகு மிஷினை முடி படிந்த திசையிலேயே மேலிருந்து கீழாக ஓட்டினால் ஒட்ட வெட்டாது. தோலுக்குக் கொஞ்சம் போர்வை மிஞ்சும். உண்ணி பிடித்த காலுக்கு ஒட்டத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தோலைத் தொடாது.

கணுக்காலுக்குக் கீழே பின்புறம் ஒரு பள்ளம் உண்டு. அங்கே தோல் மெல்லியது, மடிந்து கிடப்பது. அவசரப்பட்டால் ரத்தம்தான். கணுவின் பின்னால் கொம்புபோல் ஒரு சிறு முளையும் இருக்கும். அது அழுக்கல்ல, நோயுமல்ல, பிறவியிலேயே உள்ளது. அதைப் பிய்க்கக் கூடாது. மிஷின் கத்தி சூடாகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும்.

பரிசா, காலா?

இவ்வளவு தெரிந்தும் பலர் வெட்டத் தயங்குகிறார்கள். ஏன்? முடி முழுசாக இருந்தால்தான் கண்காட்சியில் மதிப்பு. வெட்டிய குதிரை அந்த ஆண்டு பரிசை மறந்துவிட வேண்டியதுதான்.

"முடி இயற்கை கொடுத்தது, கால் தோலைக் காப்பது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது முழுப் பொய் அல்ல. வெட்டிய காலில் சேறு நேரே தோலில் படும். வெயில் சுடும். வெட்டிவிட்டுச் சேற்றிலேயே கட்டிப்போட்டால் ஒரு லாபமும் இல்லை.

ஆனால் தினமும் முடியை விலக்கி விரலை உள்ளே விட்டுப் பார்க்க நேரமில்லாதவர், குஞ்சத்தின் அழகை மட்டும் அனுபவிப்பது நியாயமா? குதிரை உதைப்பதும் உரசுவதும் வாய் விட்டுச் சொல்வதற்குச் சமம். அப்போது பரிசு பெரிதல்ல. ஷயர் வளர்ப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள், நோய்க் குறி கண்டவுடன் டாக்டரை அழைத்து, அன்றே மிஷினை எடுத்துவிடுகிறார்கள்.

வெட்டிய முடியைக் கூட்டி அள்ளி எரித்துவிடுகிறார்கள். கீழே பரப்பிய வைக்கோலையும் மாற்றுகிறார்கள். உண்ணி அதில் ஒளிந்திருக்கும். ஒரு குதிரைக்கு இருந்தால் அதே லாயத்தில் நிற்கும் எல்லாக் குதிரைக்கும் மருந்து உண்டு. ஒரு முறை போட்டால் போதாது. முட்டை பொரித்து மறுபடி கிளம்பும் என்பதால் சில நாள் கழித்து மறுபடியும் போடுகிறார்கள்.

முடி போய்விட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. வெட்டிய மறுநாளே முளைக்கத் தொடங்கிவிடும். குளம்பை மூட ஓர் ஆண்டு ஆகலாம். அதுவரை, அந்தக் காலில் என்ன இருக்கிறது என்பது எட்ட நின்று பார்ப்பவருக்கும் தெரியும்.